பழைய பெயரும் புதிய தெய்வமும்

ரோமாபுரியில் பாந்தியன் என்று பெயர் பெற்ற புராதன ஆலயம், தேவர்கள் பலருக்கும் பொதுவாக இருந்த தன் பழைய நிலையை விட்டு, கி.பி. 609-ஆம் ஆண்டில் நான்காம் போனிபாஸ் என்ற பாப்பரசரால் கன்னிமரியாளுக்கும் வேதசாட்சிகள் யாவருக்கும் உரிய கிறிஸ்தவ தேவாலயமாகப் பிரதிஷ்டை செய்யப்பட்டது என்று சரித்திரம் சொல்லுகிறது. அந்தக் காலத்தை ஒட்டியே, சில ஆண்டுகள் முன்பின்னாக, கெடில நதி கடலோடு கலக்கிற நம்முடைய கடலூர்ப் பிரதேசத்திலும் ஒரு பெரிய மத மாற்றம் நிகழ்ந்து, அரசன் ஒருவன் தன் சமயத்தைத் துறந்தான் என்றும், அவன் ஆணையால் சமணப் பள்ளிகள் இடிபட்டு அவற்றின் கற்கள் சிவாலயம் ஒன்றாக எழுந்தன என்றும் நம் புராணம் சொல்லுகிறது. அந்தப் பாந்தியனை முதன்முதலில் எடுத்த அக்ரிப்பாவின் காலத்தை ஒட்டிய நூற்றாண்டுகளில் ரோமாபுரியின் சரக்குகள் நமக்கு வடக்கே அரிக்கமேட்டில் வந்து இறங்கியதுண்டு. ஏழாம் நூற்றாண்டிலோ அந்த வழக்கமெல்லாம் ஓய்ந்து, இரண்டு தேசங்களும் ஒன்றையொன்று மறந்திருந்தன. மறந்திருந்த அந்த நாளில் இங்கும் அங்கும் நடந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறபோது, மஞ்சக்குப்பத்தில் வாழ்கிற எனக்கு விடாமல் எழுகிற கேள்வி ஒன்று உண்டு. ஒரு தெய்வத்துக்கென்று எடுத்த வீட்டில் வேறொரு தெய்வம் குடிபுகும்போது, முன்பு அங்கே இருந்தது எங்கே போகிறது?

பாந்தியனைப் பற்றி முதலில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் தளபதியும் நண்பனுமான அக்ரிப்பா கி.மு. 27-ஐ ஒட்டி அங்கே ஓர் ஆலயத்தை எடுத்தான். அது தீக்கு இரையாகி, புதுப்பிக்கப்பட்டு, மறுபடியும் தீக்கு இரையானபின், ஹேட்ரியன் சக்கரவர்த்தியின் நாளில், சுமார் 126-ஆம் ஆண்டில், இன்று காண்கிற கட்டடம் நிறைவேறியது. எகிப்து தேசத்திலிருந்து கப்பலேற்றிக் கொணர்ந்த கருங்கல் தூண்கள் பதினாறு தாங்கும் முகமண்டபத்தைக் கடந்து உள்ளே சென்றால், குறுக்களவும் உயரமும் ஒன்றேயாக 43 மீட்டருக்குச் சற்று மிகுந்து, ஒரு முழு உருண்டையையே உள்ளடக்கிக் கொள்ளும்படி அமைந்த வட்ட மண்டபமும், இரும்புக் கம்பியின் துணையில்லாமல் காரையால் வார்த்து எடுத்த குவிமாடமும், அம்மாடத்தின் உச்சியில் எட்டு ஒன்பது மீட்டர் அகலத்துக்கு மூடாமல் விட்ட வட்டத் துவாரமும் கண்ணுக்குப் புலனாகின்றன. அந்தத் துவாரத்தின் வழியே இறங்குகிற வெயில் பொழுதுக்கேற்பச் சுவரில் ஊர்ந்து செல்கிறது. மழை பெய்தால் அம்மழை நேரே தளத்தில் விழுந்து, தளக்கல்லில் இட்டிருக்கும் சிறு துளைகளின் வழியாக வடிந்துவிடுகிறது. ஆயினும், இவை எல்லாவற்றிலும் என் மனம் அதிகமாகத் தங்கியது முகப்பில் வெட்டியிருக்கும் எழுத்தில்தான். ஹேட்ரியன் எடுப்பித்த அந்த மாளிகையின் நெற்றியில் ஹேட்ரியனுடைய பெயர் கிடையாது. மூன்று முறை கான்சல் பதவி வகித்த அக்ரிப்பா செய்வித்தது என்றே பெரிய எழுத்துக்களில் பொறித்திருக்கிறது. தனக்கு முன்னே கட்டி, தீயில் இழந்துபோனவனுடைய பெயரைத் தன் கட்டடத்தின்மேல் வைக்க ஒரு சக்கரவர்த்திக்கு மனம் வந்தது. பின்னர் அந்தக் கட்டடத்தைப் பெற்றுக்கொண்ட திருச்சபையும், உள்ளே இருந்த தேவ உருவங்களுக்கு இடம் இல்லாமற் செய்ததே அன்றி, அந்த அந்நிய மதத்தான் பெயரை வெட்டியெறியவில்லை.

இப்படி ஆலயத்தை இடிக்காமல் ஏற்றுக்கொள்வதற்கு அந்தக் காலத்தில் ஒரு கொள்கையே இருந்தது. போனிபாஸுக்குச் சில ஆண்டுகள் முன்பு பாப்பரசராக இருந்த மகா கிரகோரியார், இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்த மெல்லிட்டஸ் என்ற துறவிக்கு 601-ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்தில், அந்நாட்டாருடைய கோயில்களை இடிக்க வேண்டாம், உள்ளிருக்கும் விக்கிரகங்களை மாத்திரம் அகற்றிவிட்டுத் தீர்த்தம் தெளித்துப் பீடம் அமைத்துப் புனிதர்களின் எலும்புகளை வைத்தால் போதும், பழகிய இடத்துக்கு ஜனங்கள் தாமே மனமுவந்து வருவார்கள் என்ற கருத்தை விளக்கியிருக்கிறார். இதில் உலகியல் சாமர்த்தியம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாமர்த்தியத்துக்குக் கீழே ஆழமான ஓர் ஒப்புதலும் இருக்கிறது: ஜனங்களுடைய பக்தி அவர்கள் நடந்து பழகிய வழியிலும், குனிந்து பழகிய வாயிலிலும், நின்று பழகிய நிழலிலும் ஊறிக் கிடக்கிறது என்பதையும், புதிய சத்தியம் வந்து நிற்பதற்குக்கூடப் பழைய வாயிற்படி தேவையாகிறது என்பதையும் அந்தக் கடிதம் ஒப்புக்கொள்கிறது. பாந்தியனும் முழுவதும் தப்பியது என்று சொல்வதற்கில்லை. தேவாலயமாகி அரை நூற்றாண்டு கழிந்த சில ஆண்டுகளிலேயே, கிறிஸ்தவச் சக்கரவர்த்தியாகிய இரண்டாம் கான்ஸ்டன்ஸ் அதன் கூரையில் வேய்ந்திருந்த பொன்முலாம் பூசிய வெண்கல ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டு போனான். பதினேழாம் நூற்றாண்டில் எட்டாம் அர்பன் என்ற பாப்பரசரே முகமண்டபத்தின் வெண்கலத்தை எடுத்து உருக்கினார். வெண்கலம் போயிற்று; வழிபாடு நிற்கவில்லை. இன்றும் அங்கே பூசை நடக்கிறது. 1520-இல் காலமான ஓவியர் ரபேல் அங்கே அடங்கியிருக்கிறார். பரிசுத்த ஆவியின் திருநாளில் உச்சித் துவாரத்திலிருந்து செந்நிற ரோஜா இதழ்களை மழையாகச் சொரிகிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். கெடிலத்துக்கு இக்கரையில் ஜில்லாக் கச்சேரியும் பெரிய மைதானமுமாக மஞ்சக்குப்பம். பாலத்தைத் தாண்டினால் அக்கரையில், ஊர் வாயில் திருப்பாப்புலியூர் என்று சுருங்கி வழங்குகிற திருப்பாதிரிப்புலியூர். பாடலீசுவரர் கோயில் கொண்டிருக்கும் அந்த ஊருக்குத் தல விருட்சம் பாதிரி மரம். அந்த மரத்தை ஒட்டியே வடமொழியாளர் அவ்வூரைப் பாடலிபுத்திரம் என்றும் பாடலிகை என்றும் வழங்கினர். இன்று ஜவுளிக் கடைகளும் பூக்கடைகளும் நெருங்கிக் கிடக்கிற அவ்வீதிகளில் நடக்கும்போது, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் இது சமண முனிவர்களின் வித்தியாபீடமாக இருந்தது என்று சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு. ஆனால் சான்று இருக்கிறது. சருவநந்தி என்ற சமண முனிவர் பாடலிகையில் இருந்து, காஞ்சியில் சிம்மவர்மன் அரசாண்ட இருபத்திரண்டாம் ஆண்டில், சக வருஷம் 380-இல், அதாவது கி.பி. 458-இல், லோகவிபாகம் என்ற நூலை முடித்தார் என்று, அந்நூலைப் பின்னாளில் சம்ஸ்கிருதத்தில் தந்த சிம்மசூரி குறித்துவைத்திருக்கிறார். அந்தப் பாடலிகை நம் திருப்பாதிரிப்புலியூரே என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. உலகத்தின் அமைப்பையும் அளவையும் பேசும் அந்நூல், பூஜ்யத்தோடு கூடிய ஸ்தான முறையில் எண்களைச் சொல்லும் மிகப் பழைய நூல்களுள் ஒன்றாகக் கணித சாஸ்திர வரலாற்றாசிரியர்களால் மதிக்கப்படுகிறது. இத்தனை பெருமை உடைய ஒரு நூல் பிறந்த ஊரில் அந்த நூலாசிரியர் பெயரால் ஒரு தெருக்கூட இல்லை என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது.

திருவாமூரில் பிறந்த மருணீக்கியார், உலக நிலையாமையை எண்ணி உள்ளம் உருகி, மெய்ந்நெறி எது என்று தேடி வந்து சேர்ந்ததும் இந்தப் பாடலிபுத்திரத்துப் பள்ளிக்குத்தான். அங்கே சமண நூல்களையெல்லாம் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்ற பட்டம் பெற்று, பௌத்தர்களை வாதில் வென்று அவர் தலைமை எய்தினார். பின்பு சூலை நோய் வந்து வயிற்றைக் குடைய, மந்திரமும் மருந்தும் பயன்படாமற்போக, தமக்கையார் திலகவதியார் தங்கியிருந்த திருவதிகைக்கு இரவோடிரவாக நடந்தார். அங்கே நோய் நீங்கி, அப்பர் என்றும் வழங்கப்படுகிற திருநாவுக்கரசர் ஆனார். அரசன் சினந்து, நீற்றறையில் இட்டும், நஞ்சூட்டியும், யானையை ஏவியும், கடைசியில் கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்தும் அவரைக் கொல்ல முயன்றான். கல் தெப்பமாக மிதந்து அவர் கரையேறிய இடம் என்று வண்டிப்பாளையத்துக்கு அருகே கரையேறவிட்ட குப்பத்தை இன்றும் காட்டுகிறார்கள். ஆண்டுதோறும் சித்திரையில் விழாவும் எடுக்கிறார்கள். இந்தக் கதை கடலூர்க் குழந்தைகளுக்கு எல்லாம் தெரியும். அதன் கடைசிப் பகுதி அவ்வளவாகத் தெரியாது: அரசன் மனம் மாறிச் சைவனாகி, பாடலிபுத்திரத்தில் இருந்த பள்ளிகளையும் பாழிகளையும் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவாலயத்தை எடுத்தான் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் முடிக்கிறார்.

அந்த அரசனை முதலாம் மகேந்திரவர்மன் என்று கொள்வது வழக்கம். குணபரன் என்பது அவன் விருதுப் பெயர்களில் ஒன்று; திருச்சிராப்பள்ளிக் குன்றின் மேற்குகையிலுள்ள அவன் கல்வெட்டும், அங்கே லிங்கத்தை ஸ்தாபித்ததைச் சொல்லுகையில், மாறுபட்ட நெறியிலிருந்து திரும்பிவந்த ஞானத்தைப் பற்றிக் குறிப்பாகப் பேசுகிறது. ஆயினும் பள்ளிகளை இடித்த செய்தி அவனுடைய கல்வெட்டில் வருவதன்று. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, பன்னிரண்டாம் நூற்றாண்டில், தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறிய பெரியபுராணத்தில் வருவது. அந்தப் பன்னிரண்டாம் நூற்றாண்டு எப்படிப்பட்டது என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். சேக்கிழாரை ஆதரித்த அநபாயனாகிய இரண்டாம் குலோத்துங்கன், தில்லைச் சிற்றம்பலத்தின் முன்றிலில் இருந்த கோவிந்தராஜப் பெருமாளை அப்புறப்படுத்திக் கடலில் இட்டான் என்று அவனுடைய அவைப்புலவராகிய ஒட்டக்கூத்தரே பெருமையாகப் பாடியிருக்கிறார். பிற்பாடு 1539-இல் விஜயநகரத்து அச்சுததேவராயர்தாம் பெருமாளை அங்கே மறுபடி எழுந்தருளச் செய்தார். ஒரு தெய்வத்தை இடம்பெயர்ப்பதை வீரமாக எண்ணிய காலத்தில், முன்னொரு அரசன் பள்ளியை இடித்த கதையும் வீரமாகவே சொல்லப்பட்டிருக்கும். இடித்தது உண்மையோ, இடித்ததாகச் சொல்லி மகிழ்ந்தது மாத்திரம் உண்மையோ, சொல்லி மகிழ்ந்த அந்த மனம் நம் முன்னோருடையது. அதை நாம் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வது நியாயமாகாது.

கெடிலத்தின் கரையோடு மேற்கே பண்ருட்டிச் சாலையில் சென்றால் திருவதிகை வருகிறது. கற்கள் பயணம் செய்த திசை அதுதான். வீரட்டானேசுவரர் கருவறையில், பதினாறு பட்டை தீட்டிய பெருலிங்கம் தீபத்தின் ஒளியில் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு நிழலும் ஒரு வெளிச்சமுமாக மின்னுகிறது. வெளியே வந்து பிராகாரத்தைச் சுற்றினால், திலகவதியாருக்கு ஒரு சந்நிதி; தம்பிக்கு ஒரு சந்நிதி. நாவுக்கரசர் மழித்த தலையும், குவித்த கைகளும், உருத்திராட்ச வடமுமாக, தோளில் சாய்ந்த உழவாரத்தோடு நிற்கிறார். அந்த உழவாரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நான் நெடுநேரம் நின்றதுண்டு. நீண்ட காம்பின் நுனியில் அகன்று தட்டையான இரும்பு. தரையை ஒட்டி வைத்துத் தள்ளினால் புல்லையும் முள்ளையும் வேரோடு செதுக்கிவிடும். குணபரவீச்சரம் என்று சிறு கோயில் ஒன்றையும் அவ்வூரில் காட்டுகிறார்கள். இங்கிருக்கும் கற்களில் பாடலிபுத்திரத்திலிருந்து வந்தது எது என்று எந்தக் கல்லும் சொல்வதாயில்லை. அக்ரிப்பாவின் பெயரைப்போல் ஓர் எழுத்து இங்கே நமக்குக் கிடைக்கவில்லை.

முதலில் எழுப்பிய கேள்விக்கு நம் சமய நூல்களிலிருந்தே விடை தேடலாம். சைவ ஆகமங்களின்படி தெய்வம் கல்லில் பிறப்பதில்லை, கல்லில் எழுந்தருளுகிறது. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்து, மூலமூர்த்தியிலிருக்கும் சாந்நித்தியத்தைக் கலாகர்ஷணத்தால் கும்பத்துக்கு மாற்றுகிறார்கள். வேலை முடிந்து கும்பாபிஷேகமாகும் வரையில் கருவறையிலிருக்கும் அதே லிங்கம், நேற்று வரையில் தொட அஞ்சிய அதே லிங்கம், ஸ்தபதியின் கைக்கு உட்பட்ட வெறுங்கல்லாக இருக்கிறது. ஆகவே மனிதன் பக்தியோடு வேண்டினால் வருவதும், விதிப்படி வேண்டினால் விலகி நிற்பதும் தெய்வத்தின் கருணை என்று ஆகமம் கருதுகிறது. கிறிஸ்தவ சம்பிரதாயத்திலும் பீடத்தைப் பிரதிஷ்டை செய்வதற்கும் அந்தப் புனிதத்தை நீக்குவதற்கும் சடங்குகள் உண்டு. சமணமோ இவ்விரண்டினின்றும் வேறானது. அருகதேவன் விடுதலை பெற்றவன். வினைகளை எல்லாம் அறுத்து உலகத்தின் உச்சியிலுள்ள சித்தசிலையில் என்றைக்குமாக நிலைபெற்றுவிட்டவன். வேண்டுவார் வேண்டுவதைத் தருவதற்கு இறங்கி வருவதும் இல்லை, தன் உருவத்தை உடைத்தவர்மேல் கோபிப்பதும் இல்லை. சமணருடைய பள்ளியிலும் விதிப்படி பிரதிஷ்டை உண்டு என்றாலும், அங்கே இருக்கும் உருவம் சாதகன் தன் ஆத்மாவை நினைத்துக்கொள்வதற்கு ஓர் ஆதாரமேயன்றித் தேவன் குடியிருக்கும் உடம்பன்று.

இந்தத் தத்துவத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால் வியப்பான ஒரு முடிவுக்கு வருகிறோம். பாடலிபுத்திரத்துப் பள்ளி இடிந்தபோது எந்தத் தெய்வமும் வெளியேறவில்லை. ஏனெனில், அங்கே தெய்வம் குடியிருக்கவே இல்லை என்று அங்கிருந்தவர்களே சொல்லியிருப்பார்கள். வெளியேறியது, ஏடுகளை அவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்பதும் மறுப்பதும் நிறுவுவதுமாக இருந்த ஒரு கூட்டம். சருவநந்தி எண்ணியதும் தருமசேனர் வாதாடியதுமான ஒரு பழக்கம். ரோமாபுரியில் தேவர்கள் வெளியேறி, வீடு நின்றது. இங்கே தேவன் இருந்த இடத்திலேயே இருக்க, வீடு போயிற்று. எது பெரிய இழப்பு என்று என்னைக் கேட்டால், தயக்கமில்லாமல் இரண்டாவதே என்பேன். தெய்வத்தை மீண்டும் எழுந்தருளச் செய்ய நமக்கு மந்திரம் இருக்கிறது. கலைந்துபோன கல்வியை மீண்டும் எழுந்தருளச் செய்ய மந்திரம் கிடையாது. லோகவிபாகத்தின் மூலமே நமக்குக் கிடைக்காமற் போயிற்றல்லவா?

தெய்வம் நீங்கிய வீட்டை இன்னும் வீடு என்று சொல்லலாமா என்பதற்குத் தில்லையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், 1648 முதல் 1686 வரையில், போர்க்காலத்து அச்சத்தால் நடராஜப் பெருமானைத் தில்லையிலிருந்து அப்புறப்படுத்தி, குடுமியான்மலையிலும் மதுரையிலுமாகக் காத்து வைத்திருந்தார்கள். அந்த முப்பத்தேழு ஆண்டுகளுக்கும் மேலான காலம் சிற்சபை பெருமான் இல்லாமல் இருந்தது. ஆனால் திரைக்குப் பின்னே இருக்கும் ரகசியத்தை யார் எங்கே தூக்கிச் செல்ல முடியும்? பொன் வில்வ மாலை தொங்க, உருவம் ஏதுமின்றி ஆகாசமாகவே அங்கே இறைவன் இருக்கிறான் என்பதல்லவா நம் கொள்கை? பாந்தியனின் உச்சித் துவாரத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தில்லையின் அந்தத் திரை நினைவுக்கு வருகிறது. அங்கே தேவ உருவங்களை அகற்றியவர்கள், சிலுவையை நிறுத்தியவர்கள், வெண்கலத்தைப் பெயர்த்தவர்கள் யாராலும் அந்த வட்டத்தின் வழியே தெரிகிற ஆகாயத்துக்கு ஞானஸ்நானம் செய்துவைக்க இயலவில்லை. அது ஹேட்ரியனுக்குத் தெரிந்த அதே ஆகாயம். இரண்டு கட்டடங்களின் ஸ்தபதிகளும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அல்லர். இருந்தும் எந்த மதத்தாலும் எடுத்துக்கொள்ள முடியாத ஒன்றுக்கு இருவரும் இடம் விட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் கட்டடங்களைப் பற்றிய பேச்சு. கடலூர்ச் சீமையில் மதம் மாறிய ஆலயம் எது என்று வெளியூரார் யாராவது வந்து என்னைக் கேட்டால், நான் கட்டடம் எதையும் காட்டமாட்டேன், திருநாவுக்கரசரைக் காட்டுவேன். பள்ளி இடிந்தாலும், பள்ளி வளர்த்த மனிதர் இடியாமல் நின்றார். தருமசேனர் என்ற பழைய மாளிகையை இடித்து அந்த இடத்தில் அப்பர் என்ற புதிய கோயிலைச் சிவபெருமான் கட்டவில்லை. இருந்த மாளிகைக்குள்ளேயே எழுந்தருளினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாயையும், உறியில் தொங்கிய குண்டிகையையும், மயிற்பீலியையும் அவர் வழியிலேயே விட்டுவிட்டு வெள்ளாடை உடுத்துச் சென்றார் என்கிறது புராணம். பீலியை விட்ட கை உழவாரத்தை எடுத்தது. நடக்கிற வழியில் சிற்றுயிர் மிதிபடாமல் ஒதுக்குவதற்குப் பிடித்தது பீலி. அடியார் நடக்கிற வழியில் முள் தைக்காமல் செதுக்குவதற்குப் பிடித்தது உழவாரம். கருவி மாறியது, தரையைப் பார்த்துக் குனிந்து வாழ்வதே தவம் என்று அந்தக் கை கற்றுக்கொண்ட பாடம் மாறவில்லை. நிலையாமையை அவர் பாடும் பாட்டில், புலனை அடக்கும் உறுதியில், அரசாணைக்கு அஞ்சாத அந்த வன்மையில், பாடலிபுத்திரத்தின் வாசனை இல்லை என்று யார் சொல்லுவார்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சமணத்தில் தாம் கழித்த ஆண்டுகளை அப்பர் மறைக்கவே இல்லை. பதிகத்துக்குப் பதிகம் அதை எடுத்துச் சொல்லி இரங்குகிறார், நாணுகிறார், சில இடங்களில் கடுமையாகவும் பேசுகிறார். கடுமை எனக்கு உவப்பன்று. ஆனால் மறைக்காமையை வணங்குகிறேன். தம் நெற்றியில் பழைய பெயரை அழிக்காமல் வைத்துக்கொண்டே அவர் புதிய தெய்வத்தைப் பாடினார்.

இதே நிலத்தில் வேறு விதமாகவும் காரியங்கள் நடந்திருக்கின்றன. நாகர்கோவில் நாகராஜா கோயில் முன்பு சமணப் பள்ளியாக இருந்தது என்பதற்கு, பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த கல்வெட்டுக்களில் குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்ற சமண ஆசிரியர்களின் பெயர்கள் சான்றாக நிற்கின்றன. பார்சுவநாதரும் மகாவீரரும் பதுமாவதியும் அங்குள்ள தூண்களில் இன்றும் இருக்கிறார்கள். ஓலை வேய்ந்த கருவறையின் ஈரமண்ணைப் பிரசாதமாக நெற்றியில் இட்டுக்கொண்டு திரும்புகிறவர்கள் அந்தத் தூண்களைத் தாண்டியே வருகிறார்கள். படம் விரித்த நாகத்தின் கீழ் நிற்கும் தீர்த்தங்கரரைக் கண்டு கைகூப்புகிறவர்களும் உண்டு. அங்கே யாரும் யாரையும் துரத்தியதாகக் கதை இல்லை. நாகப்பட்டினத்தில் நடந்ததோ நேர்மாறு: சூடாமணி விகாரம் தழைத்த அந்தப் பட்டினத்தில், சீனக் கோயில் என்று மாலுமிகளுக்கு அடையாளமாக நின்ற பழைய செங்கற்கோபுரத்தை, அரசாங்கத்தின் அனுமதியோடு இயேசு சபையார் 1867-இல் இடித்துத் தள்ளினார்கள். நம் கடலூரிலேயே 1749-இல் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொன்னார்கள் என்ற சந்தேகத்தால் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி, அவர்களுடைய ஆலயத்தைச் சுவீடன் தேசத்தவரான கீர்நாண்டர் என்ற புராட்டஸ்டண்டுப் பாதிரியாரிடம் ஒப்படைத்தனர். ஒன்பது ஆண்டுகளில் பிரெஞ்சுச் சேனை வந்து கடலூரையும் தேவனாம்பட்டினத்துக் கோட்டையையும் பிடித்துக்கொள்ள, கீர்நாண்டர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். அரசாங்கத்தின் ஆணையால் கைமாறும் ஆலயம் அரசாங்கத்தோடு மறுபடியும் கைமாறுகிறது. நாகர்கோவிலில் நிகழ்ந்ததுபோல வழிபடுவோரின் உள்ளம் மெல்ல மெல்லத் திரும்பி நிகழும் மாற்றமே ஊன்றி நிற்கிறது.

சமணம் தென்னார்க்காட்டை விட்டு அடியோடு போய்விட்டது என்று நினைப்பதும் பிழை. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில் வரிசையாக வீற்றிருக்கிறார்கள்; ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் பெயரை அங்கே கல் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் நடக்கிறது. தமிழே பேசி, தமிழே எழுதி, நம்மோடு சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் கலந்து வாழும் அந்தச் சமூகத்தாருக்குத் திருப்பாதிரிப்புலியூர் என்ற பெயர் என்ன நினைவைத் தருகிறது என்று நம்மில் யாரும் கேட்டதில்லை.

இப்படியெல்லாம் எழுதுவது சைவத்துக்கு இழுக்கு என்று எண்ணுகிறவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். புராணத்தில் பெருமையாகச் சொல்லியிருப்பதை நாம் இன்று துக்கமாகச் சொன்னால், நாயன்மாருடைய வெற்றியைக் குறைத்ததாகும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாவுக்கரசரின் வெற்றி கற்றுணையோடு கடலில் மிதந்ததிலும், நஞ்சை உண்டு நின்றதிலும், எறிந்தவனையே தம் வழிக்குத் திருப்பியதிலும் இருக்கிறது. பள்ளியை இடித்தது அரசனுடைய செயல், அடியாருடைய செயலன்று. இடிக்கச் சொல்லி அவர் கேட்டதாகச் சேக்கிழாரும் பாடவில்லை. ஆகையால், பாடலீசுவரர் சந்நிதியை அடுத்தோ, மஞ்சக்குப்பத்து மைதானத்தின் ஓரத்திலோ, சக வருஷம் 380-இல் இவ்வூரில் சருவநந்தி முனிவர் லோகவிபாகத்தை எழுதி முடித்தார் என்ற ஒரு கல்லை நிறுத்துவதில் சைவர்களாகிய நாமே முந்திக்கொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன். சித்திரை விழாவில் அப்பர் கரையேறிய வரலாற்றைச் சொல்லுகிற சொற்பொழிவாளர்கள் எப்படியும் தருமசேனர் என்ற பெயரிலிருந்துதான் கதையைத் தொடங்கியாக வேண்டும். அந்தத் தருமசேனர் எங்கே அமர்ந்து, எந்த ஏட்டை விரித்துப் படித்தார் என்பதையும் அன்றைக்கே கூடியிருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால், கல் நாட்டுவதற்குப் பணம் திரட்டும் வேலையும் அந்தப் பந்தலிலேயே ஆரம்பமாகிவிடும்.